மலைவீட்டுப் பெட்டியிற் கிடக்கும் தோட்டாக் கருவிகள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய பேச்சின் தலைப்பை அறிவிப்புப் பலகையிற் கண்டதும் சிலர் முகஞ் சுளித்தனரென்று காரியதரிசி அவர்கள் என்னிடஞ் சொன்னார்கள். அவர்களைக் குறை கூறேன். ஆயினும், வேட்டையைப் புகழ்வதற்கு யான் வரவில்லை. துப்பாக்கியைப் பற்றிக்கூட அதிகம் பேசுவதாக இல்லை. துப்பாக்கிக்கு இரை ஊட்டுவதற்கென்று கொல்லனும் கன்னானும் தட்டானும் தச்சனும் செய்யத்தக்க சிறு கருவிகள் பல உண்டு. மருந்தளக்கும் கிண்ணம், குண்டு வார்க்கும் அச்சு, வெற்றுக் கூட்டினின்று பழைய கேப்பைக் கழற்றும் கொக்கி, தோட்டாவின் வாயை மடிக்கும் சிறு திருகு யந்திரம் ஆகிய இவையே என் பொருள். பழனி மலைத்தொடரில் காப்பித் தோட்டங்களிலும் கோடைக்கானல் பங்களாக்களிலும் நம்மவர் பலர் பட்டறை வேலை செய்தனர். அவர்கள் வீட்டுப் பரண்களில் இக்கருவிகள் இன்றுங் கிடக்கின்றன. கிடப்பதை அறியாதவர் பலர். அறிந்து காயலான் கடைக்கு எடைபோட்டு விற்பவர் சிலர். இவற்றுள் சட்டம் ஒளிந்திருப்பதை அறிந்தவர் மிகச் சிலர். ஆதலின் இதனைப் பேச வேண்டியதாயிற்று.

மலைமேல் இக்கருவிகள் ஏன் இத்துணை சேர்ந்தன என்று முதலிற் கேட்க வேண்டும். 1821-ல் வார்டு என்னும் தளகர்த்தர் பழனி மலையை அளந்து படமெழுதினார். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். 1863-ல் கலெக்டர் லெவிஞ்சு துரை ஏரியை அமைத்தார். 1875-ல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்த பின்னரும், அம்மையநாயக்கனூரில் இறங்கியவர் மாட்டு வண்டியிற் பல மைல் சென்று, கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரை மீதோ, நாற்காலியிற் சுமக்கப்பட்டோ, நடந்தோதான் மேலேற வேண்டும். உப்பு முதல் கண்ணாடி வரை எல்லாம் ஆள் தலையில் ஏறிய காலம் அது. பிர்மிங்ஹாமிலிருந்து வரும் தோட்டாப் பெட்டியும் அப்படியே. சுட்டபின் கையில் நிற்கும் பித்தளைக் கூட்டை எறிந்துவிட எவருக்கு மனம் வரும்? மருந்தும் ஈயமும் கேப்பும் தனித்தனியே வாங்கி அக்கூட்டையே திரும்பத் திரும்ப நிரப்புவது சிக்கனமாயிருந்தது.

இரண்டாங் காரணம் மழை. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் சாரலும் ஓயா. அக்காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிக்குரிய தோட்டாக் கூடு பெரும்பாலும் அட்டைக் காகிதத்தாலானது. ஈரத்தில் ஊறிய காகிதக் கூடு பருத்துக் குழலுக்குள் நுழையாது நின்றுவிடும். ஆகவே பித்தளைக் கூட்டுக்கு மதிப்பும், பருத்த கூட்டைச் சரிப்படுத்தும் வளையத்திற்கு வேலையும் ஏற்பட்டன.

இக்கருவிகளை வைத்திருந்தோர் எல்லாரும் வெள்ளையர் அல்லர். டக்ளஸ் ஹாமில்டன் என்னும் சேனாபதி 1844 முதல் 1870 வரை எழுதிவைத்த வேட்டைக் குறிப்புக்களை, அவர் சகோதரர் 1892-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆனைமலை, நீலகிரியோடு பழனி மலையும் அதன் பெயரிலேயே இடம் பெற்றுள்ளது. பேரிஜம் பக்கத்துக் 'கோட்டை ஹாமில்டன்' அவர் பெயரை இன்றுந் தாங்கி நிற்கிறது. இது துரைமார் கதை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய மேல்மலை ஊர்களிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களிலும் குடியானவன் கதை வேறு. காட்டுப்பன்றி ஓர் இரவில் கிழங்குக் காட்டையே உழுதுவிடும். அவன் கையிலிருந்தது வாய்வழி மருந்திட்டுக் கெஜக்கோலால் இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென அத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் பெறும் வழியை 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியே கூறியிருக்கிறது. துரைக்கு வேண்டிய திருகாணியையும் குடியானவனுக்கு வேண்டிய சுத்தியலையும் ஒரே பட்டறைதான் பழுது பார்த்தது.

இனிக் கருவிகளைப் பார்ப்போம்.

முதலாவது மருந்துக் குப்பி. மாட்டுக் கொம்பாலும் செம்பாலும் பித்தளையாலும் செய்யப்பட்டது. அதன் வாயிலுள்ள சிறு குழாய்தான் அளவு. விரலால் மூடிக் கவிழ்த்து வில்லைத் தள்ளினால் ஒரு வேட்டுக்குரிய மருந்து மட்டுமே இறங்கும். ஷெப்பீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்ஸன், ஹாக்ஸ்லி என்னும் பட்டறைகளின் முத்திரை இவற்றிற் பலவற்றில் காணலாம். சேகரிப்போர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. வடநாட்டிலே புதிதாய் வார்த்து, புளிபோட்டுப் பழமையேற்றிய குப்பிகள் சுற்றுலா ஊர்க் கடைகளில் நிறைய விற்கின்றன. பழைய குப்பி மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாய் ஒட்டியது, கையிலெடுத்தால் கனமிராது. புதியது மணல் வார்ப்பாதலின் கனக்கும், உள்ளே சொரசொரப்பாயும் இருக்கும். நம்மவர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இக்கருவிகளில் மருந்தைத் தொடும் பாகம் எதுவும் இரும்பாக இராது என்பதைக் கவனியுங்கள். கொம்பு, செம்பு, பித்தளை, மரம் இவையே. இரும்பின் மீது இரும்போ கல்லோ உராய்ந்தாற் பொறி பறக்கும். வெடியுப்பும் கந்தகமும் கரியுங் கூடிய கருமருந்துக்கு அப்பொறி ஒன்று போதும். என் தாய்மாமன் ஒருவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. கெட்டித்துப்போன மருந்தை இரும்புக் கம்பியாற் குத்தியதன் பயன் அது. அப்போது அவருக்கு வயது 22. நகை வேலையிற் பெயரெடுக்கத் தொடங்கியிருந்தவர், அதன்பின் சாகும்வரை ஊதுகுழலைத் தொடவில்லை. கடையிற் கணக்கெழுதியே காலங் கழித்தார். பித்தளைக் கிண்ணத்தை ஏன் பித்தளையிற் செய்தான் என்று கேட்டிருந்தால் அவ்விரல்கள் இருந்திருக்கும் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, குண்டச்சு. பாக்குவெட்டி போன்ற இரு கைப்பிடிகளுடையது. மூடினால் நடுவே ஓர் உருண்டைப் பள்ளம் தோன்றும். பன்னிரண்டு போர் துப்பாக்கி என்று எல்லாரும் சொல்லுகிறோம். அந்தப் பன்னிரண்டு யாது? ஒரு ராத்தல் ஈயத்தில் ஒரே அளவாய்ப் பன்னிரண்டு உருண்டை செய்தால், அவற்றுள் ஒன்று சரியாய் நுழையுங் குழல் அது. ஓர் உருண்டை 583 கிரெயின். நம் பழைய கணக்கில் மூன்றேகால் தோலாவுக்குச் சற்றுக் குறைவு. இருபது போர் என்றால் உருண்டை சிறிது, குழலும் குறுகலானது. எண் ஏறக் குழல் இறங்கும். இதனை அறியாமல் இருபதைப் பன்னிரண்டினும் பெரிதென்று வாதிடுவோர் உண்டு.

உருண்டைக் குண்டை அச்சில் வார்த்தார்கள். பறவைக்கிடும் சிறு ரவையை அங்ஙனம் வார்க்க முடியாது. பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் என்பார் 1782-ல் உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே விழவிட்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் ஏந்தும் முறைக்கு உரிமை பெற்றார். விழும்போதே துளிகள் தாமாக உருண்டையாகின்றன. மழைத்துளியைக் கண்ட எவனுக்கும் தோன்றியிருக்க வேண்டிய யோசனை!

மூன்றாவது, கேப்புக் கருவிகள். 1807-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் பார்ஸைத் என்பவர், தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொடியைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். சக்கிமுக்கியின் பொறியைக் கண்டு பறவைகள் முன்னரே பறந்துவிடுகின்றன என்பதே அவருடைய மனக்குறையாம். அதிலிருந்து செப்புக் கேப்பும், பின்னர்ப் பித்தளைக் கூட்டின் அடியிற் பதிக்குங் கேப்பும் வந்தன. கூட்டிற் பதிக்கும் வகையில் 1866-ல் இருவர் இருவழி கண்டனர். ஆங்கிலேயரான பாக்ஸர் கண்ட வழியில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியை உள்ளே செலுத்தித் தட்டினால் பழைய கேப்பு விழுந்துவிடும். அமெரிக்கரான பெர்டன் கண்ட வழியில் பக்கங்களில் சிறு துளைகள். ஊசி நுழையாது, வெளியிலிருந்து கொக்கியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். வேடிக்கை யாதெனில், ஆங்கிலேயர் வழியை அமெரிக்கா ஏற்றது. அமெரிக்கர் வழி ஐரோப்பாவிற் பரவியது. உங்கள் வீட்டுப் பெட்டியிற் கொக்கி இருந்தால் அது பெர்டன் கூட்டுக்குரியது. நீண்ட ஊசி இருந்தால் பாக்ஸருக்கு.

அமெரிக்கக் கருவி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1884-ல் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்னும் பெயரிற் கருவிகள் செய்யத் தொடங்கினார். 1925-ல் லைமன் என்னும் பட்டறை அதனை வாங்கிக்கொண்டது. அவர்களுடைய கைக்கருவி, குறடு ஒன்றிலேயே கேப்பைக் கழற்றுதல், புதிது பதித்தல், குண்டை இறுத்தல் ஆகிய யாவற்றையும் அடக்கியது. நமது அங்கத்தினர் ஒருவர் வீட்டில் மூன்று தலைமுறையாய் எலுமிச்சம்பழம் பிழியும் கருவி என்று எண்ணி வைத்திருந்ததை யான் பார்த்தேன். மலைமேல் தங்கிய அமெரிக்கக் குடும்பம் ஏதேனும் ஊர் திரும்புகையில் விட்டுச் சென்றதாக இருக்கலாமென்பது என் ஊகம். நாட்டுப்புறத்துக் கொல்லன் ஒருவன் அதன் ஒடிந்த கைப்பிடியை வெட்டி ஒட்டியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், அமெரிக்க வேலையினும் அவ்வொட்டே எனக்கு மேலாய்த் தோன்றுகிறது.

தராசைப் பற்றி ஒரு சொல். மருந்தும் குண்டும் கிரெயின் கணக்கில் நிறுக்கப்படும். 7,000 கிரெயின் ஒரு ராத்தல், 180 கிரெயின் ஒரு தோலா. இக்காலத்து எட்டுக் கிராம் பவுன் 123 கிரெயினுக்குச் சற்று மேல். ஆகவே தட்டான் தராசும் மருந்துத் தராசும் உடன்பிறந்தவை. இரண்டும் ஒரே பெட்டியிற் கலந்து கிடப்பதில் வியப்பில்லை.

பழைய மருந்துக் கிண்ணத்தில் 'டிராம்' என்று கோடிட்டிருக்கும். அது கருமருந்துக்கு மட்டும் உரிய அளவு. புகையில்லா மருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை அதற்கென்றே ஏற்பட்டது. அம்மருந்தை அதே கிண்ணத்தால் அளந்தால் அழுத்தம் பன்மடங்காகிக் குழல் வெடிக்கும். வரிவரியாய் நீரோட்டம் போன்ற கோலமுடைய 'டமாஸ்கஸ்' குழல்கள் இதில் மிக அபாயமானவை. அவை இரும்பு நாடாவையும் எஃகு நாடாவையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டியவை. நம்மவரிற் சிலர் அக்கோலத்தைக் கண்டு, கொடுமணலில் உருக்கிய நம் பழைய எஃகினாலேயே அக்குழல்கள் செய்யப்பட்டன என்று பெருமை பேசுகின்றனர். அது சரியன்று. மூசையில் உருக்கிய நம் எஃகின் நீரோட்டம் உலோகத்துக்குள் தானே பிறப்பது. இவ்வைரோப்பியக் குழலின் கோலம் ஒட்டு வேலையாற் பிறப்பது. நமக்குள்ள பெருமை போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

இனிச் சட்டத்திற்கு வருகிறேன். இப்பகுதியில் இளைஞர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

நமது நாட்டில் ஆயுதப் பறிப்பு புதிதன்று. மலையடிவாரத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னைக் கவர்னர் தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் வைத்தலைத் தடுத்து விளம்பரம் செய்தார். 1878-ல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. அதன் விதிகளால் ஐரோப்பியர்க்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. துரை பெட்டி பெட்டியாய் வைத்திருந்ததை, அவரிடம் வேலை செய்தவன் ஒன்று வைத்திருந்தாலும் குற்றம். சுதந்திரத்திற்குப் பின் 1959-ல் இயற்றி 1962-ல் நடைமுறைக்கு வந்த சட்டமே இன்று நம்மை ஆளுவது.

அச்சட்டத்தில் 'வெடிபொருட் சரக்கு', அதாவது தோட்டா என்பதற்குக் கூறிய பொருளைப் படித்தபோது யான் திடுக்கிட்டேன். நிரம்பிய தோட்டா மாத்திரமன்று. அதன் பாகங்களும், அதனைச் செய்யும் யந்திரமும் அச்சொல்லுக்குள் அடங்கும். ஆகவே சுட்ட வெற்றுக் கூடும், வாய்மடிக்கும் திருகும், குண்டச்சும் எவ்வித மருந்துமின்றியே சட்டத்தின் கண்ணிற் படக்கூடியவை. தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும். வீட்டிலே கூடு நிரப்புவதும் செய்வதே. ஆனால் அதே சட்டம் 45-ஆம் பிரிவில் இரு விலக்குக் கூறுகிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே இயலாத பழங்கால ஆயுதம் ஒன்று. துணைப் பாகங்களோடு சேர்த்து உபயோகிக்கும் எண்ணமில்லாமல் வைத்திருக்கும் சில்லறைப் பாகங்கள் மற்றொன்று. சேகரிப்பவன் நிற்கும் நிலம் இவ்விரண்டு விலக்குக்களின் இடைப்பட்ட குறுகிய வரப்புத்தான். யான் என்ன செய்தேனென்றால், என்னிடமுள்ள ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, கிடைத்த இடம், யாரிடமிருந்து வந்தது என்று பட்டியல் எழுதி, படமும் பிடித்து, வழக்கறிஞர் யோசனைப்படி காவல் நிலையத்திற் கொடுத்து, பெற்றதற்குச் சீட்டும் வாங்கினேன். மருந்து, கேப்பு, நிரம்பிய தோட்டா எதனையும் வைத்துக்கொள்வதில்லை.

பெட்டியைத் திறந்தவுடன் சிறு செப்புத் தொப்பிகள் ஒரு தகர டப்பியில் கிடந்தால் அவற்றை ஆட்டிப் பார்க்கவோ, குப்பையோடு எரிக்கவோ, காயலான் கடைக்காரனிடம் செம்பென்று தரவோ வேண்டா. நூறாண்டு கடந்த கேப்பும் வெடிக்கும். குழந்தைகளை அப்புறப்படுத்தி, இருந்த இடத்திலேயே விட்டு, காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்புங்கள். தகப்பனார் காலத்து உரிமம் அவருடனேயே முடிந்திருந்தால், துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றி நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டுமென்று 21-ஆம் பிரிவு விதிக்கிறது. பழைய உரிமத்தில் மதுரை ஜில்லா என்றிருக்கும். 1985 முதல் கோடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகவே திண்டுக்கல்லுக்கே போக வேண்டும். மதுரைக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவரை அறிவேன்.

வேட்டைக்கு இவை இனி வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2013-ல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்தது. ஹாமில்டன் காலத்தார் சுட்டுத் தள்ளிய வரையாடு இன்று நம் மாநில விலங்கு. 2024-ல் எண்ணியபோது தமிழ்நாடு முழுவதிலும் 1,031 மட்டுமே.

குறி பார்த்துச் சுடும் பயிற்சி இதனின் வேறு. அதில் நம் பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால் யான் தடுக்க மாட்டேன். பரண்பெட்டியைத் திறந்து பழகுவதைத்தான் தடுப்பேன். தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் ஏற்பட்டது. சென்னை, மதுரை, கோயமுத்தூர் முதலிய ஊர்களில் ரைபிள் சங்கங்கள் உள. தொடங்குவோர்க்கு உரியது காற்றுத் துப்பாக்கி. மருந்துமில்லை, கேப்புமில்லை, 4.5 மில்லிமீட்டர் ஈயமணி மட்டும். பத்து மீட்டர் தூரத்திலுள்ள இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே. வைரம் பதிக்குங் கண்ணுக்கும், மூச்சடக்கி ஊதுங் கைக்கும் அது அந்நியமான வேலையன்று. 2008-ல் அபினவ் பிந்திரா ஒலிம்பிக் தங்கம் பெற்றது இப்போட்டியிலேதான். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றாள். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிரித்விராஜ் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தட்டுச் சுடும் போட்டியிற் கலந்துகொண்டார். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் இளவேனிலின் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

அயல்நாடுகளில் குறி சுடுவோர் தத்தம் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளுகின்றனர். 1943-ல் கலிபோர்னியாவில் பிரெட் ஹண்டிங்டன் தொடங்கிய பட்டறையும், 1958-ல் ரிச்சர்டு லீ செய்த சிறு கைப்பெட்டியும் அதற்குப் பேர்போனவை. அவற்றின் படங்களைக் கணினியிற் கண்டு, கடல்கடந்து வரவழைக்கலாமா என்று நமது இளைஞர் இருவர் என்னைக் கேட்டனர். வேண்டாமென்றேன். மேலே கூறிய சட்டம் அவற்றிற்கும் பொருந்தும். சுங்கச் சாவடியில் அகப்பட்டால் அருங்கலை ஆர்வமென்று சொல்லித் தப்ப முடியாது.

சேகரிக்க விரும்புவோர்க்கு இரண்டொன்று சொல்லி முடிக்கிறேன். பித்தளையைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் தேய்க்காதீர்கள். முத்திரையும் தேய்ந்து, நம்மவன் இட்ட ஒட்டின் தடமும் அழிந்துவிடும். பச்சைக் களிம்பு மட்டும் இருந்தால் மூங்கிற் சீவலால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணாதீர்கள். குண்டச்சை அடுப்பிலேற்றி ஈயம் உருக்கிப் பார்க்க எவரும் ஆசைப்பட வேண்டா. அதன் தூளும் புகையும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. வைத்துக்கொள்ள மனமில்லாதவர் காயலான் கடைக்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை நினைக்க வேண்டும். அங்கே ஆயுதங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு அங்கத்தினர்கள் தத்தம் வீட்டிலுள்ள இத்தகைய கருவிகளின் பட்டியலைக் கொண்டுவர வேண்டுகிறேன். பட்டியலை மட்டும், பொருளை அன்று. ஒவ்வொன்றையும் பழுது பார்த்த நம் பெரியவர்களின் பெயர் தெரிந்தால் அதனையும் எழுதுங்கள். செய்தவனுடைய முத்திரை ஷெப்பீல்டிலிருந்து வந்துவிட்டது. ஒட்டியவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.